மூடியைக் கழற்றும் முன்

காப்புரிமை அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களே,

நான் வழக்கறிஞன் அல்லன். நியூக்ளியர் மெடிசின் பிரிவுகளில் காமா கேமராவையும் பெட் ஸ்கேனரையும் பராமரித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த மருத்துவ இயற்பியலாளன். ஓய்வு பெற்ற பிறகு, டிடெக்டர் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த சிலர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு வந்த முதல் ஆய்வறிக்கைகளைப் படித்து, அதில் உள்ள இயற்பியலை விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. அப்படிப் படித்ததில் மனத்தில் தங்கிவிட்ட ஒரு கவலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இயற்பியலும் மின்னணுவியலும் படித்துவிட்டு இந்தப் பணிக்கு வந்திருப்பவர்கள் நீங்கள். கதிர்வீச்சைப் படமாக்கும் கருவி ஒன்றில் எது எவருக்கும் தோன்றக்கூடியது, எது அப்படி இல்லை என்று முதலில் சொல்லப்போவது நீங்கள்தான்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் காமா கேமராவின் தலைப்பகுதியைத் திறந்து காட்டுவதற்கு முன், ஆளுக்கொரு தாளைக் கொடுப்பது என் வழக்கம். உள்ளே ஐம்பது சென்டிமீட்டருக்கு நாற்பது அளவில், ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தடிமனில், ஒரே துண்டாக ஒரு சோடியம் அயோடைடு படிகம் இருக்கிறது. நோயாளியின் உடம்பிலிருந்து கிளம்பும் காமாக் கதிர் அதில் எங்கோ ஓரிடத்தில் பட்டு, மிகச் சிறிய ஒளிப்பொறி ஒன்றை எழுப்புகிறது. பொறி எழுந்த இடத்தை 4 மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள்? வரைந்து காட்டுங்கள் என்பேன்.

பத்து நிமிடம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்ப்பேன். பலர் படிகத்தை 4 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். சிலர் லென்ஸ் வைத்திருப்பார்கள். சிலர் சிறிய டிடெக்டர் ஒன்றை வரிவரியாக நகர்த்தியிருப்பார்கள். அதன் பிறகு மூடியைக் கழற்றுவேன். உள்ளே தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கிய ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அங்குல அகலம். இவ்வளவு பெரிய குழாய்களை வைத்துக்கொண்டு எப்படி 4 மில்லிமீட்டரைப் பிடிப்பது? பொறியின் ஒளி பல குழாய்களுக்கும் பரவுகிறது, அருகில் உள்ளதற்கு அதிகம், தள்ளி உள்ளதற்குக் குறைவு, அந்த விகிதத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு குரல் எழும்: “இவ்வளவுதானா சார்?”

எத்தனையோ ஆண்டுகளில், மூடியைக் கழற்றும் முன்பே அதைப் பாதியாவது வரைந்தவர் ஒரே ஒரு பெண். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். இராத்திரி தோப்பில் தேங்காய் விழுந்தால், திண்ணையில் படுத்திருக்கும் தாத்தாவுக்கு ஒரு மாதிரி கேட்கும், கிணற்றடியில் இருக்கும் அப்பாவுக்கு வேறு மாதிரி கேட்கும், இரண்டையும் சேர்த்து எந்த மரத்தடி என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்றார். மற்ற எல்லாருக்கும் அது மூடி திறந்த பிறகே எளிதானது. திறந்து ஐந்து நிமிடம் ஆனதும், அது தனக்குத் தெரியாமல் இருந்தது என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. விடுகதைக்கு விடை தெரிந்த பிறகு, தெரியாமல் விழித்த நேரத்தை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

உங்கள் வேலையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் உங்கள் கைக்கு வரும்போதே மூடி திறந்திருக்கிறது. உரிமைக்கோரலைப் படித்துவிட்டுத்தான் முந்தைய ஆவணங்களைத் தேடுகிறீர்கள். விடையை வைத்துக்கொண்டு தேடுபவருக்குத் துண்டுகள் கிடைக்காமல் போகாது. கதிர்வீச்சுப் படக்கருவிகளில் துண்டுகள் எல்லாமே ஏற்கெனவே தெரிந்தவை. படிகம், குழாய், ஈயத் தடுப்பு, விகிதக் கணக்கு, கணினி இவற்றில் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. துண்டுகள் தெரிந்தவையா என்பதை மட்டும் பார்த்தால் இந்தத் துறையில் ஒருவருக்கும் காப்புரிமை கிடைக்காது.

அந்தக் கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்க்லியில் ஹால் ஆங்கர் 1957இல் அதைச் செய்தபோது படிகம் 4 அங்குல வட்டம், குழாய்கள் ஏழு. சோடியம் அயோடைடு படிகத்தை ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948லேயே தந்திருந்தார். ஒளிப்பெருக்கிக் குழாய் அதற்கும் முந்தியது. 1957க்கு முன் இந்தத் துறைக்காரர்கள் நடந்த பாதைகள் இரண்டு. ஒன்று, லாஸ் ஏஞ்சலஸில் பெனடிக்ட் காசென் செய்ததுபோல ஒற்றை டிடெக்டரை உடம்பின் மேல் வரிவரியாக நகர்த்துவது. மற்றொன்று, படிகத்தின் பின்னால் புகைப்படச் சுருளை வைப்பது. 1952இல் ஆங்கரே அதைச் செய்து பார்த்தார். ஒளியைச் சிதறவிடுவது தவறு, அதைக் கட்டுப்படுத்துவதுதான் சரி என்றே அன்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆங்கர் சிதறலையே அளவுகோலாக்கினார். பரவுவது குறையாகத் தெரிந்த காலத்தில் அதைக் கருவியாகக் கண்டதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. இன்று அதைத் துண்டுகளாகப் பிரித்து, முந்தைய ஆவணங்களுக்கு டி1, டி2 என்று எண் போட்டுவிட்டால் அந்தத் திருப்பம் காணாமல் போய்விடும்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இருக்கும் அறிவை விடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறைத் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பொருளாதார முக்கியத்துவம் இருந்தாலே போதும் என்று சில விண்ணப்பதாரர்கள் வாதிடுகிறார்கள். அது சரியல்ல. பின்பாதிக் கதவைத் தாண்டாமல் எவரும் உள்ளே வர முடியாது.

1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் சொன்னதை நான் அடிக்கடி திரும்பிப் படிக்கிறேன். பாத்திரம் செய்யும் கடைசல் எந்திரம் பற்றிய வழக்கு அது. அந்தக் காப்புரிமை நிற்கவில்லை. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மேம்பாடுதான் என்றது நீதிமன்றம். ஆனால் அந்த முடிவுக்கு வர அது வைத்த சோதனைதான் முக்கியம். முந்தைய ஆவணத்தைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். முன்னுரிமைத் தேதியன்று பொதுவாகத் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். தீர்க்க வேண்டிய சிக்கலும் அவர் முன்னால் இருக்கும். ஆனால் காப்புரிமை கேட்பவரின் விடை மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த நிலையில் அவர் ‘எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது’ என்று சொல்லியிருப்பாரா? பத்து நிமிடத் தாளுக்கும் இந்தச் சோதனைக்கும் வேறுபாடே இல்லை.

‘சொல்லியிருப்பாரா’ என்ற வினையைக் கவனியுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அமர்வுகள் காலம் காலமாக வற்புறுத்தும் வேறுபாடும் இதுதான். அவரால் செய்ய முடிந்திருக்குமா என்பது ஒரு கேள்வி. அவர் செய்திருப்பாரா என்பது வேறு கேள்வி. நம் மொழியில் இந்த இரண்டும் தனித்தனி வினைமுற்றுகள், குழப்பவே வழியில்லை. நான் படித்த அறிக்கைகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்கின்றன. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தேர்ச்சி பெற்றவர் வெறும் எந்திரமல்லர், சாதாரண அளவு கற்பனையும் உள்ளவர் என்றது. அதையும் ஏற்கிறேன். கற்பனை உள்ளவருக்கும் ஒரு பக்கம் திரும்பக் காரணம் ஒன்று வேண்டும்.

இதை ஒரு நல்ல எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். பெட் ஸ்கேனருக்குள் வரும் காமாக் கதிரின் ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதைத் தடுத்து நிறுத்த அடர்த்தி மிக்க படிகம் வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பிஜிஓ என்ற பிஸ்மத் ஜெர்மனேட் படிகம் அதற்கு வந்தது. நிறுத்துவதில் அது கெட்டிக்காரப் படிகம், ஒளி தருவதில் கஞ்சன். சோடியம் அயோடைடு தருவதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் தரும். அன்று வழக்கம், ஒரு படிகத்துக்கு ஒரு குழாய். படம் கூர்மையாக வேண்டுமென்றால் படிகம் சிறிதாக வேண்டும். படிகம் சிறிதானால் அதன் மேல் உட்காரும் குழாயும் சிறிதாக வேண்டும். குழாயைச் சிறிதாக்குவதற்கு எல்லை உண்டு, விலையும் ஏறும். 1980களின் நடுவில் டென்னசியின் நாக்ஸ்வில்லில் மைக்கேல் கேசியும் ரொனால்ட் நட்டும் பிஜிஓ கட்டி ஒன்றை எடுத்து, ரம்பத்தால் வெவ்வேறு ஆழத்துக்குக் கோடுகள் கிழித்து, 8க்கு 4 என்று 32 கூறுகளாக்கினார்கள். அடியில் நான்கே குழாய்கள். எந்தக் கூறில் பொறி எழுந்தது என்பதை நான்கு குழாய்களின் ஒளி விகிதம் சொல்லிவிடும். 1986இல் கட்டுரை வந்தது, 1988இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு பெட் ஸ்கேனர் பெரிய ஆய்வகங்களை விட்டு மருத்துவமனைகளுக்கு இறங்கி வர அந்தக் கட்டி ஒரு பெரிய காரணம்.

இந்த விண்ணப்பம் இன்று உங்கள் மேசைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். டி1 ஆங்கர்: ஒளியைப் பகிர்ந்து இடம் காண்பது. டி2: பிஜிஓ படிகம். டி3: படிகத்தில் வெட்டு போடுவது. மூன்றையும் சேர்த்தால் வெளிப்படை என்று எழுதி முடித்துவிடலாமா?

எழுதுவதற்கு முன் அந்தக் கைவினைஞர் 1984இல் எங்கே நின்றார் என்று பாருங்கள். ஆங்கரின் முறை நன்றாக வேலை செய்யக் காரணம் சோடியம் அயோடைடு தாராளமாக ஒளி தருவது. ஒளி குறையக் குறைய விகிதத்தில் வரும் புள்ளியியல் ஆட்டம் கூடும். பிஜிஓவில் கிடைப்பதே கொஞ்சம். அதையும் நான்கு குழாய்களுக்குப் பங்கு போட்டால் இடம் குழம்பிப் போகும் என்றுதான் தேர்ச்சி பெற்றவர் எதிர்பார்ப்பார். ஆகவே டி1ஐயும் டி2ஐயும் சேர்க்க அவருக்குத் தூண்டுதல் இல்லை, தயக்கம்தான் இருந்திருக்கும். வெட்டின் ஆழத்தை ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் வைத்து, ஒளி எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்று படிகத்துக்குள்ளேயே வாய்க்கால் வெட்டியதுதான் அந்தத் தயக்கத்துக்கு விடை. என் பார்வையில் கண்டுபிடிப்பு அந்த ஆழ வேறுபாட்டில்தான் இருக்கிறது. உரிமைக்கோரல் அதைப் பிடித்திருந்தால் கொடுக்க வேண்டும். ‘படிகத்தை வெட்டி ஒளியைப் பகிர்தல்’ என்று அகலமாக வலை வீசியிருந்தால், குறுக்கச் சொல்ல வேண்டும்.

இங்கே கால இடைவெளி பற்றி ஒன்று. தில்லி உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவெரி டென்னிசன் வழக்கில், எளிமையான மாற்றம் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது, முந்தைய ஆவணத்துக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் இடையே எத்தனை காலம் ஓடியது என்றும் பார்க்க வேண்டும் என்றது. நல்ல அளவுகோல். ஆனால் அதை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது? ஆங்கரின் 1957இலிருந்து எண்ணினால் கேசி–நட் கட்டிக்கு முன் முப்பது ஆண்டுகள் காத்திருந்ததுபோல் தோன்றும். அது கண்டுபிடித்தவருக்குச் சாதகமான மாயை. 1957இல் பிஜிஓவும் இல்லை, அந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் பிறந்தது 1970களின் பிற்பகுதியில். உண்மையான இடைவெளி பத்தாண்டுக்கும் குறைவு. பத்தாண்டும் சிறிதல்ல, ஏனென்றால் அந்த ஆண்டுகளில் உலகின் பல ஆய்வகங்கள் இதே சிக்கலில் தலையை உடைத்துக்கொண்டிருந்தன. ஆவணத்தின் வயதை எண்ணாதீர்கள், தேவையின் வயதை எண்ணுங்கள்.

அடுத்ததாக, உங்களில் வேதியியல் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு படிகக் கதை. ஒளியில் கஞ்சத்தனம் செய்யாத, அதே சமயம் அடர்த்தி மிக்க படிகத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானில் 1983இல் சீரியம் கலந்த கடோலினியம் சிலிக்கேட், அதாவது ஜிஎஸ்ஓ வந்துவிட்டது. இட்ரியம் சிலிக்கேட்டும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஷ்லும்பர்ஜர் நிறுவன ஆய்வகத்தில் சார்லஸ் மெல்ச்சர், எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கும் கருவிகளுக்காகப் படிகம் தேடியவர், லுட்டீஷியத்தை வைத்துச் செய்தார். அதுதான் எல்எஸ்ஓ, 1990இல் காப்புரிமை கிடைத்தது. பிஜிஓவைப் போல நான்கைந்து மடங்கு ஒளி. ஒளி அணையும் நேரம் 300 நானோநொடியிலிருந்து 40க்கு இறங்கியது.

தனிம அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர் என்ன சொல்வார்? கடோலினியம் 64, லுட்டீஷியம் 71. இரண்டும் லாந்தனைடு வரிசை. அடர்த்தி வேண்டுமென்றால் வரிசையின் கடைசிக்குப் போவது இயல்புதானே? இது பலமான வாதம். இட்ரியம் சிலிக்கேட்டின் படிக அமைப்பும் லுட்டீஷியம் சிலிக்கேட்டின் அமைப்பும் ஒன்றே என்பது அதற்கு இன்னும் வலு சேர்க்கும். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? ஜிஎஸ்ஓவின் அமைப்பு வேறு. ஆகவே அதன் நடத்தையை வைத்து எல்எஸ்ஓவின் ஒளியை முன்கூட்டிக் கணிக்க முடியாது. உருகுநிலை 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல்; இரிடியம் மூசையின் தாங்கும் எல்லைக்கு அருகே வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் விட விசித்திரமானது, இயற்கை லுட்டீஷியத்தில் 2.6 சதவீதம் கதிரியக்கமுள்ள லுட்டீஷியம்-176. கதிர்வீச்சை அளக்கும் கருவிக்குள் கதிர்வீசும் படிகத்தை வைப்பதா? குறைந்த எண்ணிக்கைகளை அளந்து பழகியவருக்கு அது கைவைக்கக் கூசும் யோசனை. பெட்டில் எதிரெதிர்த் திசையில் ஒரே கணத்தில் வரும் இரண்டு கதிர்களை மட்டும் எண்ணுவதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. அது பிறகு வந்த நல்வாய்ப்பு. இந்த இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். நான் எடுத்திருந்தால் கொடுத்திருப்பேன். இயல்பான திசைதான், ஆனால் இத்தனை ஒளி எவரும் எதிர்பார்க்காதது. கொடுக்காத ஒருவர் இதே உண்மைகளைக் காட்டிக் காரணம் எழுதியிருந்தால், அவரையும் மதிப்பேன்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. எல்எஸ்ஓவில் லுட்டீஷியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இட்ரியத்தைச் சேர்த்தால் எல்ஒய்எஸ்ஓ. அதற்குத் தனிக் காப்புரிமை 2003இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அதாவது, எல்எஸ்ஓ கண் முன்னால் இருக்கும்போதே, எல்ஒய்எஸ்ஓ வெளிப்படையானது அல்ல என்று அமெரிக்க அலுவலகம் முடிவு செய்தது. அந்த உரிமத்தைப் பெற்று, பத்தில் ஒரு பங்கு இட்ரியம் கொண்ட படிகங்களைச் செயின்ட் கோபைன் நிறுவனம் தயாரித்தது. நம்மூரில் ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடியால் எல்லாருக்கும் தெரிந்த அதே குழுமம். படிகங்கள் பிலிப்ஸின் பெட் ஸ்கேனர்களுக்குப் போயின. எல்எஸ்ஓ காப்புரிமையின் உரிமை அப்போது சீமென்ஸிடம். வழக்கு வந்தது. இரண்டு படிகங்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, ஒன்றுக்கு மற்றது ஈடு என்று டெலவேரில் ஜூரி தீர்த்து, 5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

ஒரு பக்கம் ‘தனிக் காப்புரிமை பெறும் அளவுக்கு வேறு’. மறுபக்கம் ‘சொல்லத்தக்க வேறுபாடு இல்லை’. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 பிப்ரவரியில் நிற்கும் என்றது. ஈடா என்பதும் வெளிப்படையா என்பதும் ஒரே கேள்வி அல்ல என்பது பெரும்பான்மையின் நிலை. ஈடு என்பது அத்துமீறல் நடந்த நாளில் நின்று பார்க்கும் கேள்வி. வெளிப்படை என்பது கண்டுபிடிப்பின் நாளில் நின்று பார்க்கும் கேள்வி. தனியாகக் காப்புரிமை பெற்ற பொருள் என்பதற்காக, ஈடு என்று நிரூபிப்பதற்குக் கூடுதலான சான்றுச் சுமை வேண்டியதில்லை என்றும் சொன்னது. அமர்வில் ஒரு நீதிபதி உடன்படவில்லை. காப்புரிமை அலுவலகம் ஆராய்ந்து கொடுத்த இரண்டாவது காப்புரிமையின் மதிப்பை இது மறைமுகமாகக் குலைக்கிறது என்பது அவருடைய கவலை. எனக்கு அந்தக் கவலை நியாயமாகவே படுகிறது. ஆய்வாளர் உண்மையாகவே இரண்டு படிகங்களையும் எடைபோட்டு, ஏன் வேறு என்று விவரமாக எழுதியிருந்தால், அந்தக் காரணம் நீதிமன்றத்திலும் நின்று பேசும். காரணம் எழுதாத முடிவுக்கு அங்கே வாயே இருக்காது.

துறைத் தேர்ச்சி பெற்றவர் யார் என்ற கேள்விக்கும் வர வேண்டும், சுருக்கமாக. சிடி ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். பல கோணத்து நிழல்தோற்றங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்கும் கணிதத்தை யோஹான் ரேடன் 1917லேயே எழுதிவிட்டார். ஆலன் கார்மக் 1963லும் 1964லும் அதையே தனியாகக் கண்டு வெளியிட்டார். ரேடனின் கட்டுரை தன் கண்ணில் பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான் என்றார். அவருடைய கட்டுரைகளையும் ஏறத்தாழ யாரும் பொருட்படுத்தவில்லை. வில்லியம் ஓல்டென்டார்ஃப் என்ற நரம்பியல் மருத்துவர், பொம்மை ரயில் தண்டவாளத்தையும் கிராமபோன் சுழல்தட்டையும் கொண்டு வீட்டிலேயே மாதிரி செய்து, 1963இல் காப்புரிமையும் பெற்றார். எக்ஸ்ரே கருவி செய்பவர்கள் சந்தை இல்லையென்று கைவிரித்தார்கள். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. சிடி ஸ்கேனுக்கு டி1 ஆக 1917ஆம் ஆண்டுக் கட்டுரையை வைக்கும் ஆய்வாளர், அந்தக் கட்டுரையை எக்ஸ்ரே துறைக்காரர் எந்த அலமாரியில் தேடியிருப்பார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று நிலைமை வேறு. டிடெக்டர் குழுவில் கணிதக்காரரும் கணினிக்காரரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைய விண்ணப்பத்தில் தேர்ச்சி பெற்றவர் ஒரு தனி ஆள் அல்லர், ஒரு குழு. அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கும் செய்தியை 1970இன் தனிமனிதருக்குத் தெரிந்திருக்காது என்பதற்காகத் தள்ளவும் கூடாது.

இவ்வளவும் சொன்னதால், கேட்கிற எல்லாருக்கும் கொடுங்கள் என்கிறேன் என எண்ணிவிட வேண்டாம். மறுக்க வேண்டியவை நிறைய வருகின்றன. சமன்பாடுகளால் போர்த்தியிருப்பதால் மறுக்கக் கை தயங்குகிறது. படிகத்தின் தடிமனை 9 முதல் 12 மில்லிமீட்டருக்குள் ஒரு தனி எண்ணில் நிறுத்தி உரிமை கேட்பார்கள். தடிமன் கூடினால் அதிகக் கதிர் பிடிபடும், கூர்மை குறையும். எங்கள் துறையில் முதலாண்டு மாணவருக்கும் இது தெரியும். நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுப்பது அன்றாட வேலை. எம்ஆர்ஐயோடு சேர்ந்த பெட்டில் ஒளிப்பெருக்கிக் குழாயை எடுத்துவிட்டு சிலிக்கான் ஒளியுணரியை வைப்பதும் அப்படித்தான். காந்தப்புலத்தில் குழாய் வேலை செய்யாது என்பது பழைய செய்தி. புதிய உணரி கடையில் கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து எவருடைய கையும் அதைத்தான் தேடிப் போயிருக்கும். அதே விண்ணப்பத்தின் ஏழாவது உரிமைக்கோரலில், வெப்பநிலை மாறும்போது அந்த உணரியின் பெருக்கம் மாறுவதைச் சரிசெய்யும் சுற்று ஒன்று ஒளிந்திருக்கலாம். முதல் கோரலை மறுத்த கோபத்தில் அதையும் சேர்த்து மறுத்துவிடாதீர்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் வேண்டாம். சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் இளம் ஆசிரியர், காமா கேமராவின் ஓரத்தில் படம் கோணிப்போகும் பழைய நோய்க்கு ஒரு வழி கண்டார். ஓரத்துக் குழாய்களுக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள கண்ணாடியின் வடிவத்தை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த படங்களைப் பார்த்து நானே இரண்டு முறை சோதித்தேன். ஆய்வறிக்கையில் கண்டுபிடிப்புப் படி பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: டி1 முதல் டி4 வரை சேர்த்துப் படித்தால் தேர்ச்சி பெற்றவருக்கு இது வெளிப்படை. ஏன் சேர்த்துப் படிப்பார் என்று ஒரு சொல் இல்லை. டி3 அணுஉலைக் கட்டுப்பாட்டு அறைக்கான ஆவணம். பதில் எழுதினோம், விசாரணையில் எடுத்துச் சொன்னோம், இறுதி ஆணையில் அதே வாக்கியம் திரும்ப வந்தது. மேல்முறையீட்டுக்கு அவரிடம் பணம் இல்லை. அந்தக் கண்ணாடி இன்றும் அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவருடைய விண்ணப்பம் மறுக்கத்தக்கதாகவே இருந்திருக்கலாம். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

2022 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் இதைத்தான் கண்டித்தது. கண்டுபிடிப்புப் படி இல்லையென்று மறுக்கும் ஆணை மூன்றைப் பேச வேண்டும்: முன்பு இருந்தது என்ன, இப்போது கேட்பது என்ன, முன்னதிலிருந்து பின்னதற்குத் தேர்ச்சி பெற்றவர் எப்படி வந்து சேர்ந்திருப்பார். முதல் இரண்டையும் நகலெடுத்து ஒட்டிவிடலாம். மூன்றாவதை உட்கார்ந்து யோசித்துத்தான் எழுத வேண்டும். உங்களுக்குத் தரப்படும் நேரம் குறைவு, குவிந்திருக்கும் கோப்புகள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவதற்கு நான்கு வரி போதும். ‘ஓரக் கோணலைக் குறைக்க விரும்புபவர் டி2இன் கண்ணாடியைத் தேடியிருப்பார், ஏனென்றால் டி2 இதே கோணலைப் பற்றிப் பேசுகிறது’ என்று நான்கு வரி எழுத முடிந்தால் மறுப்பு உறுதியாக நிற்கும். எழுதிப் பார்த்து, ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பிறகு கை நின்றுவிட்டால், அங்கே நிறுத்தி மறுபடி யோசியுங்கள். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் ஆணைகள் இப்போது மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவுக்குப் போகின்றன. நீதிபதி முதலில் தேடப்போவது அந்த ‘ஏனென்றால்’தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிடெக்டர் கோப்புகளைப் பார்க்கப்போகும் நீங்கள், உங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் அனுமதி கேட்டு, நோயாளிகள் வரும் முன் ஒரு காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். கோபால்ட்-57 தகட்டைக் கேமராவின் கீழ் வைத்துச் சீர்மை பார்ப்பார்கள். திரையில் புள்ளிகள் மெல்ல நிரம்பும். எங்காவது ஒரு குழாய் சோர்ந்திருந்தால் அந்த இடம் வட்டமாக இருண்டு தெரியும். ஏசி நின்றுபோன ஓர் இரவில் படிகம் விரிசல் விட்ட கதையையும் யாராவது சொல்வார்கள். வெப்பநிலை சில டிகிரி சட்டென்று மாறினால் போதும், அத்தனை விலையுள்ள படிகத்தில் மயிரிழைக் கீறல் ஓடிவிடும். சர்வீஸ் பொறியாளர் தலைப்பகுதியைத் திறக்கும் நாள் எதுவென்று கேட்டு, அன்றைக்கே போகப் பாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். மூடியின் திருகுகளை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், உள்ளே என்ன இருக்கும் என்று வரைந்து முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மருத்துவ இயற்பியலாளர்